தலித் கிறித்தவர் உரிமை இயக்கமும் தேர்தல் அரசியலும்: திட்டக்குடி, கடலூர் வட்டாரத்தை முன்வைத்து

தலித் கிறித்தவர் உரிமை இயக்கம் என்பது, கிறித்தவ சமயத்தைத் தழுவிய ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் தங்கள் சமூக, அரசியல் உரிமைகளுக்காக நடத்திவரும் போராட்டங்களின் பொதுப்பெயர் ஆகும். இவ்வியக்கத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று அரசை நோக்கியது. பட்டியல் சாதியினருக்கு உள்ள இடஒதுக்கீடு, சட்டப் பாதுகாப்பு, தனித்தொகுதியில் போட்டியிடும் உரிமை ஆகியவை தங்களுக்கும் வேண்டும் என்பது அதன் கோரிக்கை. மற்றொன்று திருச்சபையை நோக்கியது. கோவில், கல்லறை, திருவிழா, நிர்வாகம் ஆகியவற்றில் தொடரும் சாதிப் பாகுபாட்டை ஒழிக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை. தமிழ்நாட்டில் கிறித்தவர்களின் சமூக நீதிச் செயல்பாடு அரசியலை நேரடியாகத் தொடும் இடங்களில் இதுவே முதன்மையானது.

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், வெள்ளாற்றங்கரையில் உள்ள திட்டக்குடி, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. ஆகவே இச்சிக்கல் நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை இவ்வட்டாரத்தைக் கொண்டு எளிதாக விளக்க முடியும்.

வரலாற்றுப் பின்னணி

கோவிலுக்குள் இருந்த சுவர்

தமிழகக் கிறித்தவத்தில் சாதிச் சிக்கல் புதியதன்று. புதுச்சேரியில் பின்னாளில் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, தம் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைப் பதிவு செய்துள்ளார். புதுச்சேரி சம்பாக் கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. அதன் ஒருபுறம் பறையர் கிறித்தவர்களும் மறுபுறம் பிற சாதிக் கிறித்தவர்களும் ஐரோப்பியரும் நின்று வழிபட்டனர். காரைக்காலிலிருந்து வந்த குருவின் தூண்டுதலால் சேரி மக்கள் ஒன்றுகூடி மூத்த குருவிடம் முறையிட்டனர். கடவுளுக்கு முன் எல்லோரும் ஒன்று என்றால் தங்களை ஏன் பிரித்து வைக்க வேண்டும் என்பதே அவர்களின் கேள்வி. சுவர் இடிக்கப்பட்டது.

கோவிலுக்குள்ளேயே எழுந்த சமத்துவக் குரலுக்கு இது மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. கடலூர் மாவட்டத்துக் கத்தோலிக்கர்கள் இன்று புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். எனவே இது இவ்வட்டாரத்தின் வரலாறும்கூட.

சீர்திருத்தச் சபைகளிலும் இதே சிக்கல் இருந்தது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல், சாதி வேற்றுமை சபைக்குள் அறவே கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதற்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. பலர் சபையை விட்டு வெளியேறினர். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராக நிலைப்பாடு எடுத்தபோது லைப்சிக் லுத்தரன் மிஷன் அதில் சேரவில்லை. சாதி ஒரு சமய வழக்கமா, வெறும் சமூக வழக்கமா என்று அன்று மிஷன்கள் நடத்திய விவாதம், பின்னாளில் நீதிமன்றங்களில் வேறு வடிவில் திரும்ப வந்தது.

பஞ்சமி நிலம்

கிறித்தவர்களின் சமூகச் செயல்பாடு அரசின் கொள்கையாக மாறியதற்குப் பஞ்சமி நிலம் நல்ல எடுத்துக்காட்டு. 1890களின் தொடக்கத்தில் செங்கல்பட்டுப் பகுதியில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி, ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ ஆகியோர், பறையர்களின் நிலமற்ற நிலையையும் பண்ணை அடிமை முறையையும் அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றனர். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் இதுபற்றி விரிவான அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை மாகாண அரசு ஆணைகள் பிறப்பித்தது. ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலங்களை ஒதுக்கும் வழி அங்கே தொடங்கியது. அந்நிலங்களைப் பிற சாதியினருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை பின்னர் சேர்ந்தது.

இந்நிலங்களில் பெரும்பகுதி காலப்போக்கில் பிறர் கைக்குப் போயிற்று. மீட்புப் போராட்டம் 1990களில் மீண்டும் எழுந்தது. 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டை அடுத்த காரணையில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். ஒரு கிறித்தவப் பெயரும் ஓர் இந்துப் பெயரும் ஒரே நினைவுச் சின்னத்தில் இடம்பெற்றன. நிலத்துக்கான போராட்டத்தில் அவர்களுக்கிடையே பிரிவு இல்லை. சட்டத்தின் முன்தான் அவர்கள் வெவ்வேறு பட்டியலில் இருக்கிறார்கள்.

பரங்கிப்பேட்டை சேவா மந்திர்

கடலூர், சிதம்பரம் பகுதியில் டென்மார்க் நாட்டு லுத்தரன் மிஷன் நெடுங்காலம் பணியாற்றியது. அதன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடம் கடலூர். அந்த மிஷனில் பணியாற்ற வந்த ஆன் மேரி பீட்டர்சனும் எஸ்தர் ஃபேரிங்கும் 1917இல் காந்தியடிகளைச் சந்தித்தனர். அச்சந்திப்பு இருவர் வாழ்க்கையையும் மாற்றியது. காந்தியோடு வைத்திருந்த தொடர்பால் எஸ்தர் ஃபேரிங் ஆங்கில அரசின் ஐயத்துக்கு உள்ளானார். பீட்டர்சன் மிஷனிலிருந்து விலகி, சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் பெண் குழந்தைகளுக்காகத் தேசியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சேவா மந்திர் எனப்படும் அந்நிறுவனத்துக்கு 1921 செப்டம்பரில் காந்தியடிகளே அடிக்கல் நாட்டினார்.

அக்காலத்து மிஷன்கள் பொதுவாக அரசியலிலிருந்து விலகியே நின்றன. அரசு மானியத்தையும் மிஷன் ஆதரவையும் இழந்தாலும் அறத்தின் பக்கம் நிற்பேன் என்று முடிவெடுத்த பீட்டர்சன், இவ்வட்டாரத்தில் கிறித்தவ சமூகச் செயல்பாட்டின் மற்றொரு மரபைத் தொடங்கிவைத்தார்.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 341ஆம் பிரிவின்படி, எந்தெந்தச் சாதிகள் பட்டியல் சாதிகள் என்பதைக் குடியரசுத் தலைவர் அறிவிக்கிறார். அதன்பின் அப்பட்டியலை மாற்ற நாடாளுமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் வெளியான ஆணையின் 3ஆம் பத்தி, இந்து சமயம் அல்லாத சமயத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று விதித்தது. இதற்கு முன்னோடி ஆங்கில ஆட்சியிலேயே இருந்தது. 1936ஆம் ஆண்டின் ஆணை இந்தியக் கிறித்தவர்களைப் பட்டியலிலிருந்து விலக்கியிருந்தது.

இந்தப் பத்தி பின்னர் இருமுறை திருத்தப்பட்டது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் மட்டுமே இன்றுவரை வெளியே நிற்கின்றனர். ஆகஸ்ட் 10ஆம் நாளைத் தலித் கிறித்தவ அமைப்புகளும் திருச்சபைகளும் ஆண்டுதோறும் கறுப்பு தினமாகக் கடைப்பிடிப்பதன் காரணம் இதுவே.

பழங்குடியினருக்கு இத்தகைய சமயத் தடை இல்லை. கிறித்தவராக மாறிய பழங்குடி ஒருவர் பழங்குடியாகவே தொடர்கிறார், தனித்தொகுதியிலும் போட்டியிடலாம். திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களின் நில உரிமைக்காக உழைத்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி (1937–2021) பணிபுரிந்த மண்ணில், கிறித்தவர்களும் பிறரும் ஒரே பழங்குடிப் பட்டியலின் கீழ் நிற்க முடிந்தது. அவர் பிறந்த தமிழ்நாட்டில் தலித் மக்களுக்கு அது வாய்க்கவில்லை.

திட்டக்குடியில் இதன் பொருள்

முன்பிருந்த மங்களூர் தனித்தொகுதி 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பில் நீக்கப்பட்டு, 2011 தேர்தல் முதல் திட்டக்குடி தனித்தொகுதி நடைமுறைக்கு வந்தது. பழைய மங்களூர் தொகுதியிலிருந்துதான் தொல். திருமாவளவன் 2001இல் முதன்முறை சட்டமன்றம் சென்றார். இதே மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயிலும் தனித்தொகுதி. சிதம்பரம் மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதியே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்கள்தொகையில் ஏறக்குறைய 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது 20 விழுக்காடு. ஆகவே தனித்தொகுதி என்பது இங்கே அரசியலின் மையமான ஏற்பாடு.

ஒரே காலனித் தெருவில் அடுத்தடுத்த வீட்டில் வாழும் அண்ணன் தம்பி இருவரை எடுத்துக்கொள்வோம். அண்ணன் இந்து. தம்பி ஞானஸ்நானம் பெற்றவர். ஊர்க்காரர்கள் இருவரையும் ஒரே சாதிப் பெயரால்தான் அறிவார்கள். இருவரும் ஒரே வயலில் கூலி வேலை செய்கிறார்கள். சட்டம் அவர்களை எப்படிப் பிரிக்கிறது என்பதைக் கீழ்க்காணுமாறு தொகுக்கலாம்.

வாக்குரிமை: இருவரும் திட்டக்குடி தொகுதியில் வாக்களிக்கலாம்.

போட்டியிடும் உரிமை: அண்ணன் திட்டக்குடியில் வேட்பாளராக நிற்கலாம். தம்பி நிற்க முடியாது. அவர் பொதுத்தொகுதியில் நிற்கலாம், ஆனால் பொதுத்தொகுதிகளில் தலித் ஒருவருக்குக் கட்சிகள் வாய்ப்பளிப்பது அரிது.

உள்ளாட்சி: பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் இடங்களிலும் இதே தடை பொருந்தும். சட்டமன்றத்தை விட இதன் பாதிப்பு பரவலானது. சாலை, குடிநீர், தொகுப்பு வீடு, வேலை உறுதித் திட்டம் எல்லாம் முடிவாகும் இடம் ஊராட்சி.

கல்வி, வேலைவாய்ப்பு: தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். அங்கே நிலமும் கல்வியும் முன்பே பெற்ற சாதிகளோடு அவர்கள் போட்டியிட வேண்டும். கல்வி உதவித்தொகை, விடுதி போன்ற மாநில அரசின் சில திட்டங்களில் மட்டும் அவர்கள் ஆதிதிராவிடர்களோடு சேர்க்கப்பட்டுள்ளனர்.

சட்டப் பாதுகாப்பு: 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கே உரியது. சாதிப் பெயர் சொல்லித் தாக்கப்பட்டாலும் தம்பியால் அச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர முடியாது. ஆந்திர உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அளித்த தீர்ப்பொன்றும் கிறித்தவ சமயத்தைப் பின்பற்றுபவர் இச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று கூறியது.

இதன் விளைவாகப் பல குடும்பங்கள் இரட்டை அடையாளத்தோடு வாழ்கின்றன. வட்டாட்சியர் அலுவலகச் சான்றிதழில் இந்து, வீட்டிலும் வழிபாட்டிலும் கிறித்தவர் என்பது அந்த வாழ்க்கை. பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு பெயர், கோவில் பதிவேட்டில் வேறொரு பெயர். சமயத்தைச் சொல்லவே அஞ்சும் இந்நிலையால் தலித் கிறித்தவர்களின் சரியான எண்ணிக்கை எந்தக் கணக்கெடுப்பிலும் கிடைப்பதில்லை. எண்ணிக்கை தெரியாத மக்களுக்காகக் கட்சிகள் பெரிதாக வாதிடுவதும் இல்லை.

நீதிமன்றத் தீர்ப்புகள்

இச்சிக்கல் நீதிமன்றத்தில் முதலில் கூர்மையடைந்தது ஒரு தேர்தல் வழக்கில்தான். தமிழர்கள் மிகுந்து வாழும் கோலார் தங்கவயல் தனித்தொகுதியில் 1967இல் வெற்றி பெற்ற எஸ். இராஜகோபால், 1949இல் கிறித்தவராக மாறியவர் என்று எதிர்வேட்பாளர் சி. எம். ஆறுமுகம் வழக்குத் தொடுத்தார். 1968இல் உச்ச நீதிமன்றம் இராஜகோபாலின் தேர்தல் செல்லாது என்றது. 1972 தேர்தலில் இராஜகோபால் மீண்டும் வென்றபோது வழக்கும் மீண்டும் வந்தது. இம்முறை, அவர் இந்து சமயத்துக்குத் திரும்பிவிட்டார், அவரது ஆதிதிராவிட சாதியினரும் அவரை ஏற்றுக்கொண்டனர் என்று கூறி 1975இல் நீதிமன்றம் அவரது வெற்றியை உறுதி செய்தது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியல்ல என்றும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது.

சமய விலக்கையே நேரடியாக எதிர்த்த வழக்கு சூசை என்பவருடையது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைக்கும் தொழிலாளியான அவர், ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவரானவர். பட்டியல் சாதியைச் சேர்ந்த தொழிலாளிகளுக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை வழங்கியபோது, கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. 1985இல் உச்ச நீதிமன்றம் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, சாதியால் வரும் இழிவும் பின்னடைவும் புதிய சமயச் சூழலிலும் அதே கடுமையோடு தொடர்கின்றன என்பதைச் சான்றுகளோடு நிறுவ வேண்டும் என்றது தீர்ப்பு.

இத்தீர்ப்பு இயக்கத்துக்கு ஒரு சங்கடத்தை உண்டாக்கியது. அரசிடம் உரிமை பெற வேண்டுமானால், திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்பதை உலகறிய நிறுவ வேண்டும். திருச்சபைத் தலைவர்கள் பலர் அதை ஒப்புக்கொள்ளத் தயங்கினர். ஆய்வுகளும் உண்மையறியும் அறிக்கைகளும் அதன்பின் பெருகியமைக்கு இத்தீர்ப்பும் ஒரு காரணம்.

மேற்கண்ட விலக்கை எதிர்க்கும் பொதுநல மனு 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தாக்கலானது. 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் அரசுப் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய வழக்கில், கிறித்தவ வழிபாட்டைத் தொடர்ந்துகொண்டே இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று கூறுவது அரசமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இரட்டை அடையாளத்தோடு வாழும் குடும்பங்களை இத்தீர்ப்பு நேரடியாகத் தொடுகிறது.

திருச்சபைக்குள் நடந்த போராட்டம்

திட்டக்குடிக்கு வடக்கே, உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ளது எறையூர். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் இவ்வூர், 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. கத்தோலிக்கர் பெருமளவில் வாழும் இப்பங்கில் வன்னியர் கிறித்தவர்கள் பெரும்பான்மையினர். தலித் கிறித்தவர்களுக்குத் தனி இருக்கை, தனிக் கல்லறை, சவ ஊர்வலத்துக்குத் தனி வழி என்று பாகுபாடுகள் நிலவின.

மறைமாவட்டம் இவற்றைச் சரிசெய்யாததால், தங்கள் குடியிருப்பில் உள்ள கோவிலைத் தனிப் பங்காக அறிவிக்கக் கோரித் தலித் கிறித்தவர்கள் 2008 மார்ச்சில் உண்ணாநோன்பு இருந்தனர். மார்ச் 9ஆம் நாள் அவர்களின் குடியிருப்பு தாக்கப்பட்டது. காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் கிறித்தவர் இருவர் உயிரிழந்தனர். கோவில் மூடப்பட்டது. தாக்கியவர்களும் தாக்கப்பட்டவர்களும் இறந்தவர்களும் ஒரே கோவிலில் ஒரே நற்கருணையை வாங்கியவர்கள்.

எறையூர் நிகழ்வு இரண்டு செய்திகளை வெளிப்படுத்தியது. வட தமிழ்நாட்டின் சாதி மோதல், கட்சி அரசியலிலும் நிலவுடைமையிலும் எந்தக் கோட்டில் பிரிகிறதோ, அதே கோட்டில்தான் திருச்சபையும் பிரிந்து கிடந்தது. அடுத்து, தனிப் பங்கு என்ற கோரிக்கை இயக்கத்துக்குள்ளேயே விவாதத்தைக் கிளப்பியது. தனிக் கோவில் தன்மானம் தரும் என்றனர் சிலர். பாகுபாட்டை அது நிலையாக்கிவிடும் என்றனர் வேறு சிலர்.

திருச்சபைத் தலைமையின் குரலும் காலப்போக்கில் மாறியது. 2003 நவம்பரில் சென்னை–மயிலை, மதுரை, புதுச்சேரி–கடலூர் மறைமாநிலங்களின் ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதிப் பாகுபாடு நற்செய்திக்கு எதிரானது என்று கண்டித்தார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமைப் பழக்கம் இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022 ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோனி பூலா கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அப்பதவியைப் பெற்ற முதல் தலித் அவரே. தமிழ்நாட்டில் ஆயர் நியமனங்களின்போது தலித் ஆயர் வேண்டும் என்ற கோரிக்கை தொடர்ந்து எழுகிறது. திருச்சபை நடத்தும் பள்ளி, கல்லூரிகளில் மாணவர் சேர்க்கையிலும் ஆசிரியர் பணியிலும் உரிய பங்கு வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்த கோரிக்கை. இதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை.

இறையியல் அடித்தளம்

ஏழைகளின் பக்கம் நிற்பதே சமயக் கடமை என்ற எண்ணம் 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்து வெளியிட்ட சுற்றுமடலில் தெளிவாக வெளிப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் (1962–65), இலத்தீன் அமெரிக்காவில் எழுந்த விடுதலை இறையியலும் அதை மேலும் கூர்மையாக்கின. ஆனால் அந்த இறையியல் வர்க்கத்தைப் பேசிய அளவுக்குச் சாதியைப் பேச இடம் தரவில்லை.

1980களில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியல் என்ற சிந்தனையை முன்வைத்தார். சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி அதற்கு ஒரு மையமாயிற்று. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோபிலஸ் அப்பாவு, பறட்டை அண்ணன் என்ற பெயரில் நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். சேர்ந்து சமைத்துச் சேர்ந்து உண்ணும் ஒரே உலை என்ற கருத்தை அவர் வலியுறுத்தினார். இழிவின் அடையாளமாகக் கருதப்பட்ட பறை கோவிலுக்குள் ஒலிப்பது இந்த அரசியலின் ஒரு பகுதி. இக்கல்லூரிகளில் பயின்ற போதகர்களும் ஊழியர்களும் கிராமங்களில் மனு எழுதவும், வழக்குத் தொடரவும், நிலப் பதிவேடுகளைத் தேடவும் மக்களுக்குத் துணை நின்றனர்.

கட்சி அரசியலில்

தமிழ்நாட்டில் கிறித்தவர்கள் 6 விழுக்காட்டினர். கேரளத்தில் போலக் கிறித்தவர்களை அடித்தளமாகக் கொண்ட வலுவான கட்சி இங்கே உருவாகவில்லை. கிறித்தவச் செயல்பாட்டாளர்கள் பெரும்பாலும் இருக்கும் கட்சிகளோடு கூட்டுச் சேர்ந்தே இயங்கினர். இந்திய சுவிசேஷ திருச்சபைப் பேராயர் எஸ்றா சற்குணம், இந்திய சமூக நீதி இயக்கத்தை நடத்தியதோடு திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு வெளிப்படையாக ஆதரவளித்தார். கிறிஸ்தவ நல்லெண்ண இயக்கத்தின் இனிகோ இருதயராஜ் 2021இல் திருச்சி கிழக்குத் தொகுதியில் தி.மு.க. சார்பில் வென்றார். அது பொதுத்தொகுதி என்பது கவனிக்கத்தக்கது.

தலித் கிறித்தவர் கோரிக்கை கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. விடுதலைச் சிறுத்தைகள் கட்சி இதை ஆதரிக்கிறது. 2023 ஏப்ரல் 19ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கக் கோரும் தனித் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். பாரதிய ஜனதா உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் 341ஆம் பிரிவின்படி அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருப்பதால், மாநிலத் தீர்மானம் ஒரு வேண்டுகோள் மட்டுமே.

மாநில எல்லைக்குள் செய்யக்கூடியது எவ்வளவு சிக்கலானது என்பதற்கு 2007ஆம் ஆண்டு நிகழ்வு சான்று. அவ்வாண்டு தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பங்கிலிருந்து முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் தலா 3.5 விழுக்காடு ஒதுக்கியது. தங்களுக்குக் கிடைத்துவந்த இடங்கள் குறையும் என்று கண்ட கிறித்தவர்கள், தங்களுக்கான தனி ஒதுக்கீட்டைத் திரும்பப் பெறக் கோரினர். 2008இல் அது நீக்கப்பட்டது.

மத்திய அளவில், நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா தலைமையிலான ஆணையம் 2007இல் அளித்த அறிக்கை, பட்டியல் சாதி நிலையைச் சமயத்திலிருந்து பிரிக்குமாறு பரிந்துரைத்தது. ஆணையத்தின் உறுப்பினர் செயலர் இதில் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். அறிக்கை 2009 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2022இல் மத்திய அரசு அவ்வறிக்கையை ஏற்க மறுத்து, முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையத்தை அமைத்தது. அதன் காலக்கெடுவும் பின்னர் நீட்டிக்கப்பட்டது.

எதிர்வாதங்களும் மறுமொழிகளும்

இக்கோரிக்கையை எதிர்ப்போர் முன்வைக்கும் வாதங்கள் மூன்று.

முதலாவது, கிறித்தவத்தில் சாதி இல்லை, எனவே சாதி அடிப்படையிலான உரிமையும் இல்லை என்பது. சீக்கிய, பௌத்த சமயங்களின் கோட்பாட்டிலும் சாதி இல்லை, ஆயினும் அவர்கள் சேர்க்கப்பட்டனர் என்பது இயக்கத்தின் மறுமொழி. இந்தியாவில் தோன்றிய சமயங்கள் வேறு, வெளியிலிருந்து வந்தவை வேறு என்று எதிர்த்தரப்பு பதிலளிக்கிறது.

இரண்டாவது, பட்டியல் சாதி உரிமை கிடைத்தால் மதமாற்றம் பெருகும் என்பது. ஒருவர் எந்தச் சமயத்தைப் பின்பற்றினாலும் உரிமை மாறாது என்பதே நடுநிலை என்றும், சமயம் மாறினால் உரிமை போகும் என்பதுதான் மனசாட்சிக்கு அரசு விதிக்கும் அபராதம் என்றும் இயக்கத்தினர் கூறுகின்றனர்.

மூன்றாவது வாதம் தலித் மக்களிடமிருந்தே வருகிறது. மிஷன் பள்ளிகளில் முன்பே கல்வி பெற்ற கிறித்தவர்கள், இருக்கும் 18 விழுக்காட்டில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வார்கள் என்ற அச்சம் அது. இந்த அச்சம் ஒதுக்கித் தள்ளத்தக்கதன்று. சேர்க்கப்படும் மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீட்டு அளவை உயர்த்துவது, உள்ஒதுக்கீடு செய்வது ஆகியவை தீர்வுகளாக முன்வைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009இல் தரப்பட்ட முன்மாதிரி உள்ளது. ஆனால் தனித்தொகுதியை இவ்வாறு பங்கிட முடியாது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர்தான். எனவே தேர்தல் அரசியலில் இக்கோரிக்கை எதிர்கொள்ளும் தயக்கம், கல்வி, வேலைவாய்ப்பில் எதிர்கொள்ளும் தயக்கத்தை விட ஆழமானது.

மதிப்பீடு

இவ்வட்டாரத்தின் கிறித்தவ சமூக நீதிச் செயல்பாட்டை 1745இலிருந்து தொடர்ந்து பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மாற்றம் மேலிருந்து மட்டும் வந்ததில்லை. சம்பாக் கோவில் சுவரை இடிக்கக் கேட்டவர்கள் சேரி மக்கள். பெட்டிக்கடைக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றவர் ஒரு செருப்புத் தொழிலாளி. எறையூரில் உண்ணாநோன்பு இருந்தவர்கள் கூலி விவசாயிகளும் அவர்களின் பிள்ளைகளும். குருக்களும் மிஷனரிகளும் இறையியலாளர்களும் அவர்களோடு சேர்ந்தபோது அக்குரல் அரசின் செவிக்கு எட்டியது.

அரசிடம் கேட்கும் உரிமையும் திருச்சபையிடம் கேட்கும் உரிமையும் ஒன்றையொன்று சார்ந்தவை. திருச்சபையில் சாதி இருக்கிறது என்று நிறுவினால்தான் அரசு பட்டியலில் சேர்க்கும் என்பது நீதிமன்றத்தின் தருக்கம். அந்தச் சான்றையே காரணம் காட்டி, முதலில் உங்கள் வீட்டைச் சரிசெய்யுங்கள் என்று அரசியல்வாதிகள் சொல்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் திட்டக்குடித் தெருவில் வாழும் அந்தத் தம்பி. வாக்குச்சாவடியில் அவர் வரிசையில் நிற்கலாம், வேட்புமனு அளிக்க முடியாது. கோவிலில் அவர் பலிபூசை காணலாம், சில ஊர்களில் கல்லறை மட்டும் இன்னும் தனி. முதல் தடையை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். இரண்டாவதை நீக்கத் திருச்சபைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.